கடல் தாண்டிப் போனவை: அந்தமான் பற்றிய கேள்விகளும் டீச்சர் பதில்களும்

சென்ற இதழில் அந்தமான் கப்பலைப் பற்றி நான் எழுதிய சிறு குறிப்பைப் படித்துவிட்டு ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று நம் பக்கத்திலிருந்தே கட்டுக் கட்டாகக் கடிதங்கள் வந்திருக்கின்றன. வியப்பில்லை. அந்தக் கப்பல் நம் துறைமுகத்திலிருந்துதான் புறப்படுகிறது. நம் தெருக்களில் பலருக்கு அங்கே உறவு உண்டு. என் அப்பா துறைமுகத்தில் சரக்கு எண்ணும் டாலி கிளார்க்காக இருந்தவர். அக்கா திருமணமாகி அந்தமானின் தலைநகரான போர்ட் பிளேருக்குப் போய், அங்கே ஜங்கிளிகாட் பகுதியில் வேர் விட்டுவிட்டாள். நான் மாநகராட்சிப் பள்ளியில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் விடை சொல்கிறேன்.

கேள்வி: வரைபடத்தில் அந்தமான் பர்மாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இவ்வளவு தூரத்தில், நடுக்கடலில், அந்தத் தீவுகள் எப்படி வந்தன?
– ஆட்டோ ஓட்டுநர், பனைமரத்தொட்டி

நீங்கள் பார்த்தது சரிதான். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே ஏறத்தாழ 1,350 கிலோமீட்டர் கடல். ஆனால் வட முனையில் நின்றால் மியான்மரின் கோகோ தீவுகள் அருகில். தென் முனையான இந்திரா முனையிலிருந்து இந்தோனேசியாவின் சுமத்ரா இருநூறு கிலோமீட்டருக்கும் குறைவு. நில அமைப்பிலும் இவை கிழக்கோடு சேர்ந்தவை. மியான்மரின் மேற்கு ஓரமாக அரக்கான் யோமா என்றொரு மலைத்தொடர் ஓடுகிறது. அது கரையோடு நின்றுவிடவில்லை. கடலுக்குள் இறங்கி, நீருக்கடியிலேயே தெற்கு நோக்கிச் சென்று சுமத்ராவை எட்டுகிறது. அந்த மலைத்தொடரில் நீருக்கு மேலே தலைகாட்டும் உச்சிகளைத்தான் நாம் தீவுகள் என்கிறோம்.

அரசுக் கணக்கில் தீவு, திட்டு, பாறை எல்லாம் சேர்த்து 836. மக்கள் குடியிருப்பவை முப்பதை ஒட்டித்தான். நிலப்பரப்பு மொத்தம் 8,249 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பதினாறில் ஒரு பங்கு. ஆனால் வடக்கிலிருந்து தெற்கே எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் சிதறிக் கிடக்கின்றன. நடுவே பத்து டிகிரிக் கால்வாய் என்ற ஆழமான கடற்பரப்பு, சுமார் 150 கிலோமீட்டர் அகலத்தில், அந்தமானையும் நிக்கோபாரையும் பிரிக்கிறது. மிக உயர்ந்த இடம் வட அந்தமானில் உள்ள சேடில் பீக், 732 மீட்டர்.

போர்ட் பிளேர் ஏறக்குறைய கடலூருக்கு நேர் கிழக்கே இருக்கிறது. இந்திரா முனையோ கன்னியாகுமரிக்கும் தெற்கே போய்விடுகிறது. கடிகாரம் நமக்கும் அவர்களுக்கும் ஒன்றுதான், சூரியன் ஒன்றில்லை. அங்கே நமக்கு ஐம்பது நிமிடம் முன்னதாகவே பொழுது விடியும். டிசம்பரில் மாலை ஐந்து மணியளவில் சூரியன் மறைந்துவிடும். அக்கா அங்கிருந்து தொலைபேசியில் "விளக்கு ஏற்றிவிட்டேன்" என்று சொல்லும்போது இங்கே பிள்ளைகள் வெயிலில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: அங்கே எரிமலை இருக்கிறதாமே? இப்போதும் நெருப்புக் கக்குமா?
– எட்டாம் வகுப்பு மாணவன், கொருக்குப்பேட்டை

கக்கும். போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டரில் பாரன் (Barren) தீவு இருக்கிறது. இந்தியாவில் உயிரோடு இருக்கும் எரிமலை அது ஒன்றுதான். நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல் அடங்கிக் கிடந்து, 1991இல் மறுபடி குமுறியது. அதன் பிறகும் பலமுறை புகைந்திருக்கிறது. இந்திய நிலத்தட்டு கிழக்கே உள்ள தட்டின் அடியில் நழுவிச் செல்லும் விளிம்பில் அந்தக் கடல் இருப்பதே காரணம். 2004இல் நாம் பட்ட பாட்டுக்கும் இதே விளிம்புதான் காரணம். அதைக் கீழே இன்னொருவர் கேட்டிருக்கிறார், படித்துப் பார்.

கேள்வி: மகனுக்குப் போர்ட் பிளேரில் வேலை கிடைத்திருக்கிறது. முதல் தடவையாகக் கப்பலில் போகிறான். பயமாக இருக்கிறது. என்ன சொல்லி அனுப்பலாம்?
– இல்லத்தரசி, தண்டையார்பேட்டை

பயப்பட வேண்டாம் அம்மா. பயணம் ஏறத்தாழ அறுபது மணி நேரம். வானிலை கெட்டால் இன்னும் நீளும். பங்க் டிக்கெட் என்றால் பெரிய கூடத்தில் ஈரடுக்குக் கட்டில்கள். கட்டணம் குறைவு, பேச்சுத் துணைக்குக் குறைவில்லை. பணம் இருந்தால் கேபின் எடுக்கலாம். கப்பல் புறப்படும் நாள் மாதத்துக்கு மாதம் மாறும். ஆகவே வேலையில் சேரும் நாளுக்கு முன்பாகத் தாராளமாக இடைவெளி விட்டு டிக்கெட் வாங்கச் சொல்லுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை கடல் சாந்தமாக இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கப்பல் நன்றாக ஆடும். குமட்டுகிறதே என்று பட்டினி கிடக்கக் கூடாது. வெறும் வயிற்றில்தான் புரட்டல் அதிகம். சுக்கு, எலுமிச்சை, ரொட்டி கையில் இருக்கட்டும். கூடத்தில் முடங்கிக் கிடக்காமல் மேல்தளத்துக்குப் போய்த் தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும்.

அந்தமான் பகுதிக்குப் போக இந்தியருக்குத் தனி அனுமதி தேவையில்லை. நிக்கோபார் மாவட்டத்துக்கும் பழங்குடி ஒதுக்கிடங்களுக்கும் கட்டாயம் தேவை. அங்கே எல்லோரும் எல்லோரோடும் இந்தி பேசுவார்கள். ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி தீவு மக்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரின் தாய்மொழி தமிழ். போர்ட் பிளேரில் வெற்றிமலை முருகன் கோயில் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்கு உங்கள் மகன் தனியாக நிற்க மாட்டான். இன்னொன்று: ஊரின் பெயர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றப்பட்டுவிட்டது. காகிதங்களில் இரண்டு பெயரும் வரும், குழம்ப வேண்டாம்.

கேள்வி: அந்தமான் காட்டில் புலி, சிங்கம், கரடி எல்லாம் உண்டா டீச்சர்?
– ஆறாம் வகுப்பு மாணவி, திருவொற்றியூர்

ஒன்றுகூட இல்லை மகளே. அந்தமான் காட்டுக்குச் சொந்தமான பெரிய விலங்கு என்றால் காட்டுப்பன்றிதான். மரநாய் உண்டு, வௌவால்கள் பலவகை உண்டு. குரங்குகூட அந்தமானில் கிடையாது. தெற்கே நிக்கோபாரின் சில தீவுகளில் மட்டும் நீண்ட வால் குரங்கு இருக்கிறது. காரணம் எளிது. நாலாபுறமும் கடல். பறந்தும், நீந்தியும், மிதக்கும் மரத்தில் தொற்றிக்கொண்டும் வந்து சேர முடிந்த உயிர்களே அங்கே குடியேறின. வந்தவை வெளியுலகத் தொடர்பு இல்லாமல் ஆயிரமாயிரம் ஆண்டுகள் வாழ்ந்து, வேறெங்கும் காணாத இனங்களாக மாறின.

நார்கொண்டம் இருவாச்சி என்று ஒரு பறவை. ஏழு சதுர கிலோமீட்டரைக்கூட எட்டாத நார்கொண்டம் தீவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் அது கூடு கட்டுவதில்லை. நம் பழைய வண்ணாரப்பேட்டையையும் தண்டையார்பேட்டையையும் சேர்த்து நடந்து பார்த்தால் அந்தத் தீவின் அளவு உனக்குப் பிடிபடும். அதற்குள் ஒரு இனத்தின் முழு வாழ்வும் அடங்கியிருக்கிறது! நிக்கோபாரில் மெகபோடு என்ற பறவை மண்ணையும் சருகையும் குவித்துப் பெரிய மேடு கட்டி, முட்டையை அதற்குள் புதைத்துவிடும். மக்கும் சருகின் சூடுதான் அடை காக்கிறது. தேங்காய் நண்டு என்று ஒன்று உண்டு. நிலத்தில் வாழும் நண்டுகளில் அதுதான் பெரியது. மரமேறும், தேங்காய் ஓட்டையும் உடைக்கும். ஓடை முகத்துவாரங்களில் உவர்நீர் முதலை இருக்கிறது. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் கால் நனைக்கவும் கூடாது. கடற்புல் மேயும் கடற்பசுவான ஆவுளியாதான் அந்த ஒன்றியப் பகுதியின் விலங்கு. நம் பாக் நீரிணையிலும் அது உண்டு என்பது உனக்குத் தெரிந்திருக்கும்.

இனி நான் முக்கியமாக நினைப்பதைச் சொல்கிறேன். இன்று அங்கே போகிறவர்கள் புள்ளிமானைப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். மான் அந்தத் தீவுக்கு உரியதில்லை. ஆங்கிலேயர்கள் கொண்டுபோய் விட்டார்கள். அடித்துத் தின்னப் புலி இல்லாததால் பெருகியது. நீந்தத் தெரிந்ததால் தீவுக்குத் தீவு பரவியது. முளைக்கிற கன்றையெல்லாம் மேய்ந்துவிடுவதால் காடு தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடியாமல் திணறுகிறது. யானையும் அப்படித்தான், மரம் இழுக்கக் கப்பலில் போனது. இன்டர்வியூ தீவில் மர வேலை நின்றபோது 1960களில் ஒரு கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள். அவை காட்டு யானைகளாகி, மூங்கிலையும் பிரம்பையும் தின்று தீர்த்தன. ஆப்பிரிக்கப் பெரு நத்தை இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியப் படையோடு வந்ததாகச் சொல்வார்கள். அது தோட்டங்களை இன்றும் விடவில்லை. ஊர்க்காட்டில் புகுந்த விலங்கு வேறு காட்டுக்கு நகர்ந்துபோக இடம் இருக்கிறது. தீவில் இறக்கியதை எங்கே துரத்துவது? மானின் மீது எனக்குக் கோபம் இல்லை. இறக்கிவிட்டவர்கள் ஒரு கணம் யோசித்திருக்கலாம் என்ற ஆற்றாமைதான்.

கேள்வி: தலைமுறையாக அந்தமானுக்குப் பருப்பும் புளியும் மிளகாயும் அனுப்புகிறோம். அங்கே என்னதான் விளைகிறது? எதை விற்று நம் சரக்கை வாங்குகிறார்கள்?
– மளிகை மொத்த வியாபாரி, கொத்தவால்சாவடி

வியாபாரி கேட்கும் கேள்விதான் பொருளாதாரத்தின் அடிமடியைத் தொடுகிறது ஐயா. விளைவது தேங்காயும் பாக்கும் முதன்மையாக. சிறிது நெல், வாழை, மசாலாப் பயிர்கள். சிறிய அந்தமான் தீவில் எண்ணெய் தரும் செம்பனையும், நிக்கோபாரின் கச்சல் தீவில் ரப்பரும் தோட்டம் போட்டார்கள். கச்சல் ரப்பர் தோட்டத்துக்கு இலங்கையிலிருந்து திரும்பிய நம் மலையகத் தமிழர்களில் சிலரைக் குடியேற்றினார்கள். நிக்கோபாரில் தென்னந்தோப்பு தனியாளுக்குரியதில்லை. துகேத் எனப்படும் பெருங்குடும்பத்துக்கு உரியது. கொப்பரைதான் அங்கே நெடுங்காலமாகப் பணம் கொண்டுவரும் பொருள்.

ஆனால் நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் காடு. உழுவதற்கு மிஞ்சுவது கொஞ்சம். அந்தக் காட்டை வெட்டித்தான் நூறாண்டுக்கு மேல் பிழைப்பு நடந்தது. போர்ட் பிளேரில் சாத்தம் மர அறுவை ஆலை 1883இல் தொடங்கியது. படாக் மரம் உலகச் சந்தைக்குப் போனது. அப்பா சொல்வார், நம் துறைமுகத்தில் இறங்கும் அந்தமான் மரத்தின் செந்நிறத் தூள் சுமை தூக்குகிறவர்களின் தோளில் படிந்து வீடுவரை வரும் என்று. 2002இல் உச்ச நீதிமன்றம் வணிகத்துக்காக மரம் வெட்டுவதற்குக் கடிவாளம் போட்டது. உள்ளூர்த் தேவைக்கு மட்டும் என்று ஆனபின் மரத்தொழில் சுருங்கியது. ஒட்டுப்பலகை ஆலைகள் மூடின. பலர் வேலை இழந்தார்கள். அந்த வலியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனாலும் அந்தத் தீர்ப்பு வந்திராவிட்டால் இன்று பேசுவதற்குக் காடு மிஞ்சியிருக்காது என்பதே என் எண்ணம்.

ஆக, இப்போது உங்கள் பருப்புக்கு விலை கொடுப்பவை இரண்டு: அரசு ஊழியர்களின் சம்பளம், சுற்றுலாப் பயணிகளின் பணம். மின்சாரத்தில் பெரும்பகுதி டீசலில் கிடைக்கிறது. டீசலும் கப்பலில்தான் வர வேண்டும். புயல் எழுந்து கப்பல் நின்றால் தக்காளி விலை எகிறிவிடும். மூட்டைக்கு நீங்கள் போடும் விலையோடு ஏற்றுகூலி, கடல்கூலி, இறக்குகூலி, ஈரத்தில் கெட்டுப்போகும் சேதாரம் எல்லாம் சேர்ந்தே அங்குள்ள பெண்களின் சமையலறைக்குப் போகிறது. ஆகவே அங்கே போகும் மூட்டையில் தரம் குறைந்ததைக் கலக்காதீர்கள் என்று உங்கள் சங்கத்தில் சொல்லுங்கள். வாங்கியவர் மறுநாள் திருப்பிக் கொடுக்க வழியில்லை.

கேள்வி: விம்கோ நகருக்கும் அந்தமானுக்கும் தொடர்பு உண்டா? தாத்தா சொல்வார்.
– மெட்ரோ ரயில் பயணி, விம்கோ நகர்

உண்டு. உங்கள் ஊருக்குப் பெயர் தந்த தீப்பெட்டி நிறுவனம் போர்ட் பிளேரிலும் தீக்குச்சி ஆலை நடத்தியது. அந்தமானின் பபீதா, தீது போன்ற மென்மரங்கள் குச்சிக்கு ஏற்றவை.

கேள்வி: அந்தமான் கடலில் சூரை மீன் கொட்டிக் கிடக்கிறது என்கிறார்கள். நம் விசைப்படகுகள் அங்கே போய்ப் பிடிக்க முடியாதா?
– விசைப்படகுத் தொழிலாளி, காசிமேடு

கடல் பெரியதுதான். நாட்டின் தனிப்பொருளாதாரக் கடல் மண்டலத்தில், அதாவது மீனும் பிற வளமும் எடுக்க நமக்கே உரிமையுள்ள கடற்பரப்பில், ஏறத்தாழ முப்பது விழுக்காடு அந்தத் தீவுகளைச் சுற்றித்தான் இருக்கிறது, சுமார் ஆறு லட்சம் சதுர கிலோமீட்டர். ஆழ்கடல் சூரை அங்கே அதிகம் என்பதும் உண்மை. ஆனால் தீவை ஒட்டியே கடல் சட்டென்று ஆழமாகிவிடும். நம் கரையைப் போல இழுவலை போட நீண்ட ஆழமற்ற பரப்பு இல்லை. தூண்டிலும் குளிர்பதன வசதியும் உள்ள படகு வேண்டும். தீவின் எல்லைக்குள் தொழில் செய்ய அங்குள்ள மீன்வளத் துறையின் உரிமம் வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நமக்கு இருக்கும் தடைக்காலம் அங்கேயும் உண்டு. போய் வரும் டீசல் செலவைக் கணக்குப் போட்டால் நம் படகுக்குக் கட்டுபடியாகாது. ஜங்கிளிகாட் மீன்துறையில் பிடிப்பவர்கள் பிடிக்க, களவா மீனும் நண்டும் பெட்டியில் அடைபட்டு விமானத்தில் சென்னைக்கு வருகின்றன. அதுவே சரியான ஏற்பாடு என்று நினைக்கிறேன்.

கேள்வி: சுனாமியில் எங்கள் குப்பம் வீட்டையும் வலையையும் இழந்தது. அலை அந்தமான் பக்கமிருந்து வந்ததாகச் சொன்னார்கள். அங்கே என்ன ஆயிற்று என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.
– மீன் விற்கும் பெண், திருவொற்றியூர்க் குப்பம்

தாயே, உங்கள் கடிதத்தைப் படித்ததும் இந்தப் பதிலை நீளமாக எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை ஆறரை மணிக்குச் சற்று முன் சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் உடைந்தது. ஓரிடத்தில் உடைந்து நிற்கவில்லை. உடைப்பு வடக்கு நோக்கி நிக்கோபார், அந்தமான் நெடுகிலும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. அதனால்தான் நம் கரைக்கு அலை நேர் கிழக்கிலிருந்து வந்தது போல இருந்தது. நமக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் கழித்து வந்தது. நிக்கோபார் மக்களுக்கு நிமிடங்கள்தான் இருந்தன. கார் நிக்கோபார் தட்டையான தீவு. கரையோர ஊர்கள் துடைத்தெடுக்கப்பட்டன. கச்சல் மிகக் கொடுமையாக அடிபட்டது. டிரிங்கெட் தீவு துண்டுதுண்டாகப் பிளந்தது. அந்தமான் நிக்கோபார் முழுவதிலும் இறந்தோரும் காணாமற்போனோருமாக 3,500 பேருக்கு மேல். நான்கு லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் இடத்தில் அது எவ்வளவு பெரிய இழப்பு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நம் கரையில் கடல் வந்தது, போனது. அங்கே நிலமே இடம் மாறிவிட்டது. ஏறுபலகையின் ஒரு முனை தாழ்ந்து மறுமுனை எழுவதைப் போல, தெற்கே நிலம் அமிழ்ந்தது, வடக்கே எழுந்தது. இந்திரா முனை நாலு மீட்டருக்கு மேல் தாழ்ந்துபோய்க் கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் நின்றது. வட அந்தமானில் பவளப் பாறைகள் நீருக்கு மேலே தூக்கப்பட்டு வெயிலில் காய்ந்து செத்தன. போர்ட் பிளேருக்கு அருகே சிப்பிகாட்டில் நெல்வயல்கள் தாழ்ந்து உப்புநீர் நிரம்பியது. அது வடியவே இல்லை. உழுதவர் வரப்பில் நின்று பார்த்தால் கொக்கும் நாரையும் நிற்கும் உவர்நீர்தான் இன்று இருக்கிறது. அலையில் போன படகுக்கு மறுபடகு வாங்கலாம். கடலுக்கு அடியில் போன வயலுக்கு என்ன செய்வது? நிக்கோபாரிகளின் தென்னைகள் லட்சக்கணக்கில் அழிந்தன. தென்னை காய்க்க ஆறேழு ஆண்டு வேண்டும். பெருங்குடும்பமாக வாழ்ந்தவர்களைத் தகரக் கொட்டகைகளில் தனித்தனிக் குடும்பங்களாக எண்ணி நிவாரணம் கொடுத்தார்கள். அதில் அவர்களுடைய உறவு முறையே ஆட்டம் கண்டது.

இதன் பிறகுதான் ஐதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007இல் வந்தது. இனி எச்சரிக்கை வந்தால், கடல் அமைதியாகத் தெரிந்தாலும் சரி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்துவிடுங்கள். வலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: நண்பர்களோடு அந்தமான் போகிறேன். ஜாரவா பழங்குடியினரைப் பார்க்க வழி உண்டா?
– தனியார் நிறுவன ஊழியர், வியாசர்பாடி

பார்க்கப் போகாதீர்கள். அவர்கள் காட்சிப் பொருட்கள் அல்லர். பழங்குடிப் பாதுகாப்புக்கான ஒழுங்குமுறைச் சட்டம் 1956 முதலே இருக்கிறது. ஜாரவா ஒதுக்கிடத்தின் வழியாகப் போகும் சாலையில் வண்டிகள் காவலோடு வரிசையாகத்தான் செல்லும். இறங்குவது, படம் எடுப்பது, தின்பண்டம் நீட்டுவது எல்லாம் குற்றம். நமக்குச் சாதாரணமான காய்ச்சல் அவர்களுடைய உடலுக்குப் புதியது. வெளியார் குடியேற்றம் தொடங்கிய 1858க்குப் பிறகு பெரிய அந்தமானியர் ஆயிரக்கணக்கிலிருந்து சில பத்துப் பேராகக் குறைந்ததற்குத் தட்டம்மை போன்ற நோய்களும் காரணம். வெளியாரை ஏற்காத சென்டினல் பழங்குடியினர் வாழும் வடக்கு சென்டினல் தீவை நெருங்கவே தடை. பாராடாங் தீவில் சுண்ணாம்புக் குகையும் சேற்று எரிமலையும் இருக்கின்றன. ஆசை தீர அவற்றைப் பாருங்கள்.

கேள்வி: திரும்பி வரும்போது சங்கு, பவளம் கொண்டு வரலாமா?
– அதே வாசகர்

கரையில் கிடப்பதையும் எடுக்காதீர்கள். பவளம், கடற்குதிரை, கடல் அட்டை, பெருஞ்சிப்பிகள் பலவும் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. பெட்டியைச் சோதிப்பார்கள். காலிச் சங்கு கிடந்தால் துறவி நண்டு அதற்குள் குடி போகும்.

கேள்வி: பெரிய நிக்கோபாரில் மிகப் பெரிய துறைமுகம் வருகிறது. எங்களைப் போன்றவர்களுக்கு அங்கே வேலை கிடைக்குமா? நீங்கள் ஏன் அதை எதிர்ப்பது போல எழுதுகிறீர்கள்?
– ஐடிஐ படித்த இளைஞர், எண்ணூர்

தம்பி, வேலைக்காகக் கேட்பதில் தவறே இல்லை. முதலில் அரசின் தரப்பைச் சொல்கிறேன். வழியில் கப்பல் மாறிப் போக வேண்டிய நம் நாட்டுச் சரக்குப் பெட்டகங்களில் (கண்டெய்னர்) பெரும்பகுதி கொழும்பு, சிங்கப்பூர் போன்ற வெளிநாட்டுத் துறைமுகங்களில்தான் மாறுகின்றன. அந்த வருமானம் வெளியே போகிறது. பெரிய நிக்கோபாரின் கலாத்தியா விரிகுடா மலாக்கா கப்பல் பாதைக்கு அருகில் இருக்கிறது. அங்கே பெட்டகத் துறைமுகம், விமான நிலையம், நகரம், மின் நிலையம் கட்ட 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. இவை சாதாரண வாதங்கள் அல்ல.

மறுபக்கம், இதற்காக ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் மழைக்காடு கேட்கப்படுகிறது. ஈடாக மரம் நடுவது ஹரியானாவில். 2011இல் எட்டாயிரம் பேர் இருந்த தீவில் மூன்று லட்சத்துக்கு மேல் குடியேற்றும் நோக்கம். 2004இல் கரையோர ஊர்களை இழந்து, திரும்பிப் போகக் காத்திருக்கும் நிக்கோபாரிகளும், காட்டுக்குள் வாழும் சில நூறு சோம்பென் பழங்குடியினரும் அங்கே இருக்கிறார்கள். பழங்குடி மன்றம் முதலில் தந்த இசைவை 2022இலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது.

கலாத்தியா விரிகுடாவின் மணற்கரைதான் இந்தியாவில் ஏழுவரி ஆமை முட்டையிட வரும் முக்கியமான இடம். ஆமைகளிலேயே பெரியது அது. சிறிய அந்தமானில் முட்டையிட்ட ஆமைகளுக்குக் கருவி பொருத்திப் பார்த்தபோது ஒன்று ஆஸ்திரேலியா பக்கமும் இன்னொன்று ஆப்பிரிக்கா பக்கமும் நீந்திப் போயிருந்தன. சுனாமி அந்தக் கரையை அழித்தது. பல ஆண்டுகளில் கடலே மணலைக் கொண்டுவந்து மறுபடி சேர்த்தது, ஆமைகளும் திரும்பி வந்தன. ஆமைகளுக்கு வழி விடப்படும், பருவத்தில் வேலை நிறுத்தப்படும் என்று திட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். என்னால் அதை நம்ப முடியவில்லை. காரணம், நான் ராயபுரத்துக்காரி.

நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870களில் தொடங்கிச் சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது அந்த மணல் தெற்கே தேங்கியது. மெரினா அகன்றது, ஊர் அதைக் கொண்டாடியது. வடக்கே நமக்கு வர வேண்டிய மணல் வரவில்லை. ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. படகு ஏற்றிக் காயவைத்த மணலும், வீடும், கோயிலும், சாலையும் போயின. இப்போது நம் கரை என்பது கருங்கல் குவியல். இந்தக் கரையில் ஆமை எங்கே ஏறும்? எண்ணூரில் பிறந்த உனக்கு முகத்துவாரத்தில் படிந்த அனல்மின் நிலையச் சாம்பலையும், இறால் தேடிக் கழுத்தளவு நீரில் நிற்கும் பெண்களையும் நான் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை. கடலுக்குள் சுவர் கட்டுகிறவர்கள் மணலின் வழியைக் காகிதத்தில் கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கு பிசகியபோது விலை கொடுத்தவர்கள் நாம். கலாத்தியாவில் அந்த விலையைக் கொடுக்கப்போகிறவர்களுக்குக் கடிதம் எழுதவும் பத்திரிகை இல்லை. அதனால்தான் எதிர்க்கிறேன். வெளிப்படையாகவே எதிர்க்கிறேன்.

உன் வேலைக்கு வருகிறேன். சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி என்று மூன்று துறைமுகங்கள் உன் வீட்டைச் சுற்றி இருக்கின்றன. கிரேன் இயக்கவும் பெட்டகக் கிடங்கில் வேலை பார்க்கவும் உரிமத்தோடு கூடிய பயிற்சி எடு. வடசென்னைப் பிள்ளைகளுக்கு அங்கே முன்னுரிமை வேண்டும் என்று கேட்பதற்கு உனக்கு முழு உரிமை உண்டு. அதற்கு மனு எழுத உதவி வேண்டுமானால் இந்தப் பத்திரிகை முகவரிக்கே எழுது, நான் எழுதித் தருகிறேன்.

கேள்வி: மகள் போர்ட் பிளேரில் தோட்டம் போட்டிருக்கிறாள். கப்பலில் போகும்போது வாழைக்கன்று, கறிவேப்பிலைக் கன்று, முருங்கைக் கொம்பு, ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் கொண்டு போகலாமா? வேறு என்ன எடுத்துப் போகலாம்?
– ஓய்வு பெற்ற தபால்காரர், பழைய வண்ணாரப்பேட்டை

கன்றும் கொம்பும் பறவையும் வேண்டாம் ஐயா. மண்ணோடு போகும் கன்றில் புழுவும் நத்தை முட்டையும் ஒளிந்திருக்கும். வாழைக்கன்றோடு முடிக்கொத்து நோய் போய்ச் சேரும். மகள் தோட்டத்தோடு அது நிற்காது, அண்டைத் தோப்புகளும் அழியும். கூண்டுப் பறவை தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு மேலே மான் கதையைப் படியுங்கள். முருங்கையும் கறிவேப்பிலையும் அங்கேயே வீட்டுக்கு வீடு இருக்கின்றன. அக்கம்பக்கத்தில் கேட்டால் கொடுப்பார்கள். கத்தரி, வெண்டை விதை வேண்டுமானால் கடையில் முத்திரையிட்ட பாக்கெட்டாக வாங்கிக்கொள்ளுங்கள்.

எடுத்துப் போக வேண்டியவை: கறிவடகம், சுண்டைக்காய் வற்றல், மோர்மிளகாய், வேப்பம்பூ, நல்ல புளி. காசிமேட்டு நெத்திலிக் கருவாட்டை நன்றாக வெயிலில் காயவைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் பங்கில் பக்கத்துப் படுக்கைக்காரர் மூன்று இரவும் தூங்க மாட்டார். அங்கே ஆண்டில் பாதிக்கு மேல் மழை, அதனால் எதையும் தாளில் கட்டாதீர்கள். பெட்டியின் இரண்டு பக்கமும் பெயரையும் படுக்கை எண்ணையும் பெரிதாக எழுதிவிடுங்கள். ஹாடோ துறையில் இறங்கும் நெரிசலில் எல்லோருடைய பெட்டியும் ஒரே மாதிரி இருக்கும்.